சன்னலோரப் பாடு

பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. டச்சுக்காரர்கள் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து பாய்மரக் கப்பலில் எங்கள் ஊரைத் தேடி வந்தார்கள். கோட்டை கட்டினார்கள், துணி வாங்கி அனுப்பினார்கள், செத்து இங்கேயே புதைந்தார்கள். ரயிலால் மட்டும் பொன்னேரியைத் தாண்டி இந்தப் பக்கம் வர முடியவில்லை. ரயில் வேண்டுமென்றால் நாங்கள்தான் பேருந்தேறி அதனிடம் போக வேண்டும்.

நான் தினமும் போகிறேன். விடிந்ததும் விடியாததுமாய்ப் பேருந்து. திருப்பாலைவனத்தில் பால் கேன்களும் கீரைக்கட்டுகளும் ஏறும். பொன்னேரியில் இறங்கி நடைமேடைக்கு ஓடினால், கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் மின்ரயில் ஏற்கெனவே நிரம்பி வந்து நிற்கும். மகளிர் பெட்டியில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்வேன். மீஞ்சூர் வரைக்கும் ஒரு கால், எண்ணூர் வரைக்கும் மறு கால் என்று பாரத்தை மாற்றி மாற்றி நிற்பேன். தண்டையார்பேட்டையில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக்கூடத்திலும் நிற்கிற வேலைதான். வருகிறவர் கையைத் தட்டி, நரம்பைத் தேடி, ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டி வைக்க வேண்டும். மாலையில் அதே ரயில், அதே கம்பி. நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு வசதி, கனவு வராது.

சன்னலோரம் எனக்கு வாய்ப்பதில்லை. அது கும்மிடிப்பூண்டிக்காரர்களுடையது. அங்கேயே ஏறி, முகத்தில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, நான் இறங்கும் வரை கண் திறக்க மாட்டார்கள். இதை ஒரு நாள் சோறு தின்னும்போது சொன்னேன். நைனாவுக்கு, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், நம்ப முடியவில்லை.

"தினம் அவங்களேவா?"

"ஆமா நைனா. மொதல்ல ஏறினவங்களுக்குத்தான்."

"அதெப்படி? இன்னிக்கி அவங்க, நாளைக்கி நீன்னு பாடு வெச்சிக்கறதுதான?"

அம்மா சிரித்தாள். "ரயில்ல போயி பாடு வெக்கப் போறாரு இவரு. ஊர்த் தலைவரையும் இட்டுக்கினு போ, சீட்டு குலுக்கிப் போடுவாரு."

பாடு என்பது எங்கள் ஏரியின் சட்டம். ஏரியில் எல்லா இடத்திலும் இறால், எங்கள் பேச்சில் எறா, ஒரே மாதிரி விழாது. கடல் தண்ணீர் உள்ளே வருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சில நல்ல இடங்கள் உண்டு. எல்லாரும் அங்கேயே போய் விழுந்தால் வெட்டுக்குத்துதான். அதனால் இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, நாளைக்கு அடுத்தவருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். வலை நிறைந்தாலும் அது உன் பாடு, வெறும் பாசி வந்தாலும் அது உன் பாடு. நல்ல இடத்தில் இரண்டாம் நாளும் போய் நிற்பவனுக்கு எங்கள் ஊரில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நைனா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனால் எந்த நாள், எந்த இடம், யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம்.

அந்த நைனாவுக்குத்தான் கண் கெட்டது.

முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் வைத்த செம்பைத் தட்டிவிடுவார். "நெனப்பு எங்க கீது?" என்று அம்மா திட்டுவாள். பிறகு ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், படகை அடுத்தவருடைய வலைக்கழியில் கொண்டுபோய் இடித்தார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

"மலை போய்ட்சி" என்றார் அம்மாவிடம்.

தண்ணீரில் தாங்கள் நிற்கும் இடத்தை அறிய எங்கள் ஆட்கள் கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். மழை ஓய்ந்த காலைகளில் மேற்கே, வயல்களுக்கு அப்பால், மலைகள் ஒரு நீலக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் ஒரு கூம்பு உண்டு. அந்தக் கூம்பும் கரையிலிருக்கும் ஒரு ஒற்றைப் பனையும் நேராக வந்தால் அதுதான் நைனாவின் கணக்கு. நாற்பது வருஷமாக அந்தக் கூம்பைப் பார்த்துப் பிழைத்தவர் ஒரு மலையின் அடிவாரத்துக்குக்கூடப் போனதில்லை.

"பனைய புட்ச்சா மலை போய்டுது. மலைய தேடறதுக்குள்ள பனை போய்டுது" என்றார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பொன்னேரியில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார். நான் ஆங்கிலத்தில் கேட்டதால் அவரும் ஆங்கிலத்திலேயே விளக்கினார். எனக்கு அதில் ஒரு பெருமை, ஒளிக்க என்ன இருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான், ஒரு டாக்டரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருக்கிறேன், நைனா பக்கத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார். டாக்டர் சொன்னது இதுதான். போன பார்வை திரும்பாது. நேராகப் பார்ப்பது தெரியும், பக்கங்கள் தெரியாது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. சொட்டு மருந்து விட்டால் அந்தக் குழாய் இப்படியே நிற்கலாம். சுருங்கவும் செய்யலாம்.

பேருந்தில் நைனா கேட்டார். "இன்னா சொன்னாரு?"

"மருந்து ஊத்தினா சரியாய்டும்னாரு."

இது எனக்குப் பழைய பழக்கம். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா என்னை டச்சுக்காரர் கல்லறைக்கு அழைத்துப் போனார். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். நாங்கள் பயந்ததில்லை, சின்ன வயதில் அவற்றின் முட்டியைப் பிடித்துத்தான் மதில் ஏறுவோம். கப்பல் செதுக்கியிருந்த ஒரு பெரிய கல்லைக் காட்டி, "படி" என்றார். எழுத்துகள் ஆங்கில எழுத்துகள்தான். ஒரு சொல்லும் புரியவில்லை. அது டச்சு மொழி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல வாயும் வரவில்லை. "ஒரு கப்பல்காரர் நைனா. ரொம்ப நல்லவராம். செத்தப்போ எல்லாரும் அழுதாங்களாம்" என்றேன். இன்றைக்கும் சென்னையிலிருந்து காரில் வந்து படம் எடுப்பவர்களிடம் நைனா அந்தக் கல்லைக் காட்டி, "இவரு நல்லவரு" என்கிறார். நான் திருத்தவில்லை.

மலையைக் கிட்டத்தில் காட்டிவிட வேண்டும் என்று அந்தப் பேருந்திலேயே முடிவெடுத்தேன். குழாய் வழியாகப் பார்த்தாலும் தப்ப முடியாத அளவுக்குப் பெரிய மலையாக இருக்க வேண்டும். குழாய் சுருங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும். பரிசோதனைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் அக்கா மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலைப் பற்றிச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பாதை. நீராவி இஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், இடப்பக்கச் சன்னலில் உட்கார்ந்தால் வழி முழுக்கப் பள்ளத்தாக்கு.

"மலை பாக்கணும்னா திருத்தணி போனா ஆச்சி. முருகரையும் பாத்துட்டு சாயந்தரமே வந்துர்லாம்" என்றாள் அம்மா.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் திருத்தணிக்கு எல்லாரும் போகிறார்கள். எனக்கு எல்லாரும் செய்யாததைச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த ரயிலுக்குச் சீட்டு கிடைப்பது லேசில்லை. முன்பதிவு திறக்கிற நேரத்தில் நான் மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் நடுவே ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாய் நிற்பேன். சிக்னல் போய்விடும். வரும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். பல காலைகள் இப்படிப் போயின. ஒரு நாள் கிடைத்தது. குன்னூர் வரைக்கும் மூன்று இடம், அதில் ஒன்று இடப்பக்கச் சன்னல். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்ன நினைத்தாளோ.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் போனோம். எனக்கு மேல்படுக்கை. தூக்கம் வரவில்லை. படுத்துத் தூங்கும் பழக்கம் ரயிலில் எனக்கு இல்லை. நைனா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து உட்கார்ந்து, "வந்துட்ச்சா?" என்றார். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது என் கண்ணில் மணல் கொட்டியதுபோல இருந்தது.

மலை ரயில் நீலமும் வெள்ளையுமாய், விளையாட்டுச் சாமான் போல நின்றது. பின்னால் கரிய இஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நின்றால் இட்லிக் கொப்பரையைத் திறந்ததுபோல முகத்தில் ஆவி அடித்தது. நைனா அதைத் தலையிலிருந்து கால் வரைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்க முடியும் அவரால், அப்படிப் பார்த்தார்.

"இஞ்சின் பின்னாடி கீதே. வழிய யாரு பாக்கறது?"

"முன்னாடி ஒருத்தர் கொடியோட நிப்பாராம் நைனா."

"நம்ம படகாட்டம். கோலு போடறவன் பின்னாடி, தண்ணியப் பாக்கறவன் முன்னாடி" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு பலகை. நைனாவைச் சன்னலில் உட்காரவைத்தேன், பக்கத்தில் நான், என் பக்கத்தில் அம்மா. எங்கள் எதிரே ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. நைனாவுக்கு நேர் எதிர்ச் சன்னல் அந்தக் கணவருடையது. ஒரு குச்சியில் போனை மாட்டி அதைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபடி இருந்தார். அவர் மனைவி அவருடைய தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்பக்கக் கோடியில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

பாக்குத் தோப்புகளைத் தாண்டும்வரை ரயில் சாதாரண ரயிலாக இருந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலிருக்கும் பல்லில் சக்கரம் கோத்துக்கொண்டது. சத்தமே மாறிவிட்டது. தரை சாய்ந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் குகைக்குள் போனோம், எல்லாப் பெட்டியிலிருந்தும் பிள்ளைகள் ஊளையிட்டார்கள். வெளியே வந்தால் இடப்பக்கம் பூமி இல்லை. கீழே எங்கேயோ ஒரு ஆறு நூலாகக் கிடந்தது. எதிரே பச்சையும் கறுப்புமாய் மலை.

"நைனா, பாரு. அதோ" என்றேன். இரண்டு மாதமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

நைனா எழுந்து நின்றார். எதிரே இருந்த அம்மாளைப் பார்த்து, "வா தங்கச்சி. ஒன் பாடு" என்றார்.

அந்த அம்மாள் விழித்தார். "வேண்டாங்கய்யா, உங்க சீட்டுங்க அது."

"நைனா, ஒக்காரு. நம்பர் போட்டுக் குடுத்துக்கிறாங்க, அது உனக்குத்தான்" என்றேன்.

"நம்பர் கீதும்மா. அதுக்குன்னு கடேசி வரைக்கும் நானே குந்திக்கினு வர்றதா? நல்ல எடம் இது. அந்தம்மா எவ்ளோ நேரமா கழுத்த நீட்டுது."

அந்த அம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து சன்னலில் உட்கார்ந்தார். நைனா அவருடைய இடத்தில், பலகையின் நடுவில் அமர்ந்தார். அதோடு விட்டாரா? போன் குச்சிக்காரரைப் பார்த்து, மெதுவாக, ஏரியில் பேசுகிற மரியாதையோடு, "தம்பி, ஒங்க பாடும் முடிஞ்சிச்சி" என்றார்.

"என்ன முடிஞ்சுதுங்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா புகுந்தாள். "ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. அவரு ஏரில கீறதா நெனப்பு. எங்கூர்ல நல்ல எடத்த மாத்தி மாத்தித்தான் புடிப்போம். ஒருத்தரே நின்னா அடி உழும்."

"அடிக்கெல்லாம் போவாதீங்க" என்றார் அவர், பாதிச் சிரிப்பாக.

அவர் மனைவி சன்னலிலிருந்து திரும்பினார். "பெரியவர் சொல்றது நாயந்தானுங்களே. இத்தனை வருசத்துல எந்த பஸ்சுல எனக்கு சன்னல் குடுத்திருக்கீங்க? எழுந்திரிங்க, அந்த அக்கா உக்காரட்டும்."

அப்படித்தான் மலை ரயிலுக்குள் பழவேற்காட்டுச் சட்டம் வந்தது. ஒவ்வொரு குகைக்கும் ஒரு பாடு என்று முடிவானது. இருட்டில் ஐந்து பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்து இடம் மாறுவோம், வெளிச்சத்தில் பார்த்தால் சன்னல்களில் வேறு ஆட்கள். அம்மா தன் முறையில் மூக்கைச் சன்னல் கம்பியில் வைத்து, "அய்ய, எங்கிருந்து உழுது பாரு தண்ணி" என்று ஒரு அருவியைத் திட்டுவதுபோல ரசித்தாள். ஈரோட்டுக்காரர்கூட உற்சாகமாகிவிட்டார், "அடுத்த கொகை யாருங்க?" என்று அவரே கேட்டார்.

எனக்கு மட்டும் ஆத்திரம். என் முறை வந்தபோது, "எனக்கு வாணாம், நைனாவுக்குக் குடுங்க" என்றேன். "ஒன் பாடு அப்டியே இருக்கட்டும், அப்பால ஒக்காரு" என்று நைனா அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் வாங்கிய சன்னல். எத்தனை காலைகள், எத்தனை சிக்னல் இல்லாத நிமிஷங்கள். அதைச் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதுகு வலித்தது. கால் வலித்தது. அந்த வலியெல்லாம் அவமானம்போல இருந்தது.

நைனாவின் முறை திரும்ப வந்தது. அவர் உட்கார்ந்தார், நான் முன்னால் குனிந்தேன். குகையை விட்டு வெளியே வந்தோம். மஞ்சு இறங்கியிருந்தது. பள்ளமும் இல்லை, மலையும் இல்லை. பாதை ஓரத்துச் செடிகளுக்கு அப்பால் வெள்ளை.

"இன்னா தெரியுது நைனா?"

"வெள்ளையா கீது."

"இரு, கலைஞ்சிடும்."

கலையவில்லை. சன்னல் கட்டையில் கையை வைத்துக்கொண்டு, வலை இழுக்கக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். மறுபடியும் குகை. இருட்டில் அவர் எழுந்துவிட்டது துணி உரசலில் தெரிந்தது. வெளிச்சம் வந்ததும் நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒக்காரு நைனா. நீ ஒண்ணுமே பாக்கல."

"என் பாடு முடிஞ்சிச்சிம்மா."

"ஒண்ணும் பாக்கலயே."

"வலை கட்டினா எறா வந்துதான் ஆவணுமா?"

"உனக்கு இன்னா தெரியும்? டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

கல்லூரிப் பெண்கள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அம்மா என் முகத்தையும் நைனா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

நைனா கையைக் குவித்து ஒரு கண்ணில் வைத்துக் காட்டினார். "கொழா. இப்டி வெச்சிக் காட்டினாரே அந்த டாக்டரு. அப்பால வெரல இன்னும் கொஞ்சம் சுருக்கிக் காட்டினாரு. நீ அவரு வாயப் பாத்துக்கினு இருந்த. நான் கையப் பாத்தன்."

அவர் இவ்வளவு நாளும் காலையும் மாலையும் என்னைக் கூப்பிட்டு, முகத்தை நிமிர்த்திக் காட்டி, "ஊத்து, சரியாய்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. என் பொய்யை எனக்காகத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கொஞ்ச தூரத்தில் ரயில் நின்றது. நடுக்காட்டில் ஒரு சின்ன ஸ்டேஷன். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். எல்லாரும் டீக்கும் வடைக்கும் ஓடினார்கள். நைனா டீக்கடைப் பக்கம் போகவில்லை. ரயிலின் முன் கோடியைப் பார்த்து நடந்தார். பக்கத்தில் வருகிறவர்கள் அவர் கண்ணில் பட மாட்டார்கள், இடித்துவிடுவார்களே என்று நான் பின்னால் போனேன். இடித்தார்கள். அவர் நிற்கவில்லை.

முதல் பெட்டியின் முன்னால், திறந்த மேடையில், சிவப்பும் பச்சையுமாய்க் கொடிகளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். வழி பார்க்கிறவர். நைனா அவரையும் தாண்டி, நடைமேடை முடிகிற இடத்தில் போய் நின்றார்.

"பெரியவரே, தண்டவாளத்துல எறங்கக் கூடாது" என்றார் கொடிக்காரர்.

"எறங்கல நைனா. சும்மா நிக்கறன்." எங்கள் பக்கத்தில் பிடித்துப்போன சின்னவர்களையும் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவர் பார்க்கும் திசையைப் பார்த்தேன். இரண்டு தண்டவாளம், நடுவில் எண்ணெய் பூசிய பல். மூன்றும் ஒன்றாக நேரே ஏறிப்போய், வளைகிற இடத்தில் ஒற்றைக் கோடாகின. அந்தக் கோட்டின் தலையில், மஞ்சு விலகிய இடத்தில், மலை நின்றது. மேலே முழுக்கப் பாறை. வெயில் அதில்தான் விழுந்துகொண்டிருந்தது.

நைனா தண்டவாளத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டே பார்வையை ஏற்றினார். முகவாய் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. நின்றது. அப்புறம் அசையவில்லை.

"கீது" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார். "சன்னல்ல எல்லாம் ஓடுதும்மா. புடிக்கறதுக்குள்ள போய்டுது. இது நிக்குது."

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். என்னிடம் யார் என்ன சொல்ல முடிந்தது? நான்தான் இடப்பக்கம், சன்னல், பள்ளத்தாக்கு என்று எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தேனே.

பக்கத்தில் மஞ்சள் பலகையில் ஸ்டேஷன் பெயரும் உயரமும் எழுதியிருந்தது. அதைக் காட்டி, "படி" என்றார். நான் படித்தேன். கடல் மட்டத்திலிருந்து இத்தனை உயரம் என்று எழுதியிருக்கிறது என்றேன். இந்த முறை ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

"கடலா? நம்ம கடலா?"

"எல்லாக் கடலும் ஒரே மட்டந்தான் நைனா."

"இவ்ளோ தூரம் வந்தும் அத்த வெச்சித்தான் கணக்குப் போட்றானா" என்றார். அதில் அவருக்குப் பெரிய சந்தோஷம். கொடிக்காரரிடமும் போய் அதைச் சொன்னார்.

விசில் ஊதியது. அவர் இன்னொரு முறை திரும்பி, கண்ணாலேயே தண்டவாளத்தைப் பிடித்து ஏறி, மலை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் வந்தார்.

பெட்டியில் அம்மா எனக்கு ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சூடு ஆறிடப் போவுது, குடி" என்றாள். நைனா எங்கள் பக்கத்துச் சன்னலைக் காட்டினார்.

"ஒக்காரு. எடுத்து வெச்ச பாடு."

இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன். கட்டை குளிர்ந்திருந்தது. காற்றில் ஈர இலை வாசனையும் எண்ணெய்ப் புகையும் கலந்து வந்தது. ரயில் நகர்ந்தது. ஒரு பாறையின் ஓரமாக ஏறி, ஒரு வளைவில் திரும்பியது. பின்னால் இஞ்சின் எங்களைத் தள்ளுவது முதுகில் தெரிந்தது. யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல. உட்கார்ந்த காலில் ரத்தம் ஓடுவதுகூடத் தெரிந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது குன்னூர். ரயில் நின்றிருந்தது. கன்னத்தில் சன்னல் கம்பியின் தடம் பதிந்திருந்தது. அம்மாவின் முந்தானை என்மேல் கிடந்தது.

"எத்தினி கொகை போச்சி தெரியுமா?" என்றாள் அம்மா. "அந்தப் பெரிய பாலத்துல எல்லாரும் கத்தினாங்க. நீ அசையல."

"எழுப்பறதுதான? மத்தவங்க பாடு போச்சே."

ஈரோட்டு அம்மாள் பையை எடுத்துக்கொண்டே சொன்னார். "பெரியவர் அவரு பாட்டையெல்லாம் உனக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு கண்ணு. அவரு குடுக்கறப்ப நாங்க மட்டும் எப்படிக் கேக்கறதுங்க. எதிர்ச் சன்னல் ஒண்ணுதான் எங்களுக்கெல்லாம்."

நைனா இறங்குவதற்காக வாசல் கம்பியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் கையை எடுத்துக் கம்பியில் வைத்தேன்.

"எனக்குப் போதும்மா. நான் பாத்துட்டன்" என்றார்.

திங்கட்கிழமை மறுபடியும் மீஞ்சூர் வரை ஒரு கால், எண்ணூர் வரை மறு கால். பரிசோதனைக்கூடத்து அக்கா ஊசிகளை அடுக்கிக்கொண்டே கேட்டார், அந்தப் பெரிய பாலம் எப்படி இருந்தது, கீழே பார்த்தால் தலை சுற்றியதா என்று. சொல்ல எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

"நான் தூங்கிட்டேங்கா" என்றேன். "மலையை எங்க நைனா பார்த்தார்."